கணக்கு நோட்டு யார் கையில்?

(நிதிக் கணிதப் படிப்பு குறித்து, விடுதி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர் போனில் சொன்னது இதுதான்: "நீங்க என்னமோ பணக் கணக்குல பெரிய படிப்பு படிச்சிருக்கீங்களாமே, அது என்னா படிப்பு, படிச்சா என்னா வேலைக்குப் போகலாம்னு பசங்களுக்குச் சொல்லணும்." சரி என்று ஒப்புக்கொண்டேன். பிறகுதான் யோசித்தேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று. பல்கலைக்கழகத்திலிருந்து ஆரம்பித்தால் அது பொய்யாகிவிடும். நான் இந்தக் கணக்கை முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்த தண்டல் அட்டையில்தான்.

எங்கம்மா தெருமுனையில் இட்லி போட்டு விற்றது. அரிசிக்கும் உளுந்துக்கும் முதல் வேண்டும். தண்டல்காரரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கும். கைக்கு வருவது தொள்ளாயிரம். நூறு ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொள்வார். அப்புறம் தினம் பத்து ரூபாய், நூறு நாளைக்கு. சாயங்காலம் டிவிஎஸ்-50 சத்தம் கேட்டாலே அம்மா சுருக்குப்பையைத் தேடும். ஒருநாள் பணம் இல்லையென்றால், "அண்ணே, நாளைக்குச் சேர்த்துக் குடுத்துர்றேண்ணே" என்று அம்மா நிற்கும். வயதில் அம்மாவைவிட எவ்வளவோ சின்னவர் அவர். "ஏம்மா, தினமும் உனக்கு ஒரு கதையா?" என்பார். அவர் "நீ" என்பதும் அம்மா "அண்ணே" என்பதும் எங்கள் தெருவில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நான் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன்: "ஆயிரத்துக்கு நூறுதான வட்டி? பத்துப் பெர்சென்ட்டும்மா. பரவால்ல." அம்மா நம்பியது. நானும் நம்பினேன்.

பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டில், தவணைத் தொகைகளின் இன்றைய மதிப்பு என்றொரு பாடம் வந்தது. நாளைக்குக் கிடைக்கும் ஒரு ரூபாயும் இன்றைக்குக் கையில் இருக்கும் ஒரு ரூபாயும் ஒன்றல்ல. காலத்துக்கு விலை உண்டு. அந்த விலைதான் வட்டி. அன்றைக்கு ராத்திரி விடுதியில் உட்கார்ந்து தண்டல் கணக்கைப் போட்டேன். கைக்கு வந்தது 900. வட்டி 100. ஆனால் அந்த 900 நூறு நாளும் அம்மாவிடம் இல்லையே! முதல் நாளிலிருந்தே பத்து பத்தாகத் திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாளில் அம்மா கையில் இருக்கும் கடன் பாதிதான். சராசரியாகப் பார்த்தால் அம்மா நூறு நாள் வைத்திருந்தது ஏறக்குறைய 470 ரூபாய். அதற்கு நூறு நாளைக்கு நூறு ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 77 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் நூறையும் தாண்டும்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அதே விடைதான். பத்து பெர்சென்ட் என்று அம்மாவிடம் நானே சொன்னேனே, அதுதான் அன்றைக்குத் தூங்கவிடவில்லை. தண்டல்காரர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. அட்டையில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. படிக்கத் தெரியாமல் இருந்தது நாங்கள். எழுத்தறிவு என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். எண்ணறிவு என்று ஒன்று உண்டு. அது இல்லாதவனுக்கு எழுதிக் காட்டியே சுரண்டலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நிதிக் கணிதத்துக்குள் நான் நுழைந்த வாசல் இதுதான்.

அந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது? பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூன்று கேள்விகள்தான். ஒன்று, காலத்துக்கு என்ன விலை? இதைத்தான் தண்டல் அட்டையில் பார்த்தோம். இரண்டு, இழப்பு நேரும் வாய்ப்புக்கு என்ன விலை? காப்பீடு இதில் அடங்கும். 1693இல் எட்மண்ட் ஹாலி, வால்மீனுக்குப் பெயர் கொடுத்தவர், பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று ஓர் அட்டவணை போட்டார். ஒருவர் எப்போது சாவார் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் இந்த ஆண்டு சாவார்கள் என்று ஓரளவு சொல்லலாம். ஆயுள் காப்பீடு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல் நிற்கிறது.

மூன்றாவது கேள்வி, இன்னும் தெரியாத விலைக்கு இன்றைக்கே எப்படி விலை வைப்பது? இதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஊரில் மனை வாங்குகிறவர் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து லட்சம் பேசி, பத்தாயிரம் கொடுத்து, மூன்று மாதம் கெடு. அதற்குள் பைபாஸ் வந்து மனை ஏழு லட்சமானாலும் அவருக்கு ஐந்துக்குத்தான். விலை இறங்கிவிட்டால் பத்தாயிரத்தை விட்டுவிட்டுப் போய்விடலாம். வாங்கும் உரிமை உண்டு, வாங்கியாக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. பங்குச் சந்தையில் இதற்குப் பெயர் ஆப்ஷன். இந்த உரிமைக்கு என்ன விலை நியாயம்?

ஒரு பங்கு இன்றைக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு 120 ஆகலாம், அல்லது 80 ஆகலாம். அதை நாளைக்கு 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமை உங்களிடம் இருந்தால், ஏறினால் 20 ரூபாய் லாபம், இறங்கினால் ஒன்றுமில்லை. இப்போது வேறொரு காரியம் செய்வோம். பாதிப் பங்கு வாங்குவோம். விலை 50. அதில் 40 ரூபாய் கடன், 10 ரூபாய் நம் கைக்காசு. ஒருநாள் வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவோம். நாளைக்குப் பங்கு 120 ஆனால் பாதிப் பங்கு 60. கடன் 40 போக 20 மிச்சம். 80 ஆனால் பாதிப் பங்கு 40. கடன் போக ஒன்றுமில்லை. அந்த உரிமை கொடுக்கும் அதே பலன், வரிக்கு வரி. இதற்கு நாம் போட்டது 10 ரூபாய். அப்படியென்றால் அந்த உரிமையின் விலையும் 10 ரூபாய்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பங்கு ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்று நான் சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை. அது தேவைப்படவில்லை! முதல்முறை வகுப்பில் இதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. இதையே ஒவ்வொரு நொடிக்கும் விரித்தால் வருவதுதான் 1973இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் வெளியிட்ட சமன்பாடு. அதே ஆண்டு ராபர்ட் மெர்ட்டன் அதை விரிவாக்கினார். அதற்கும் முன்னால், 1900இல், பாரிஸில் லூயி பாஷ்லியே என்பவர் விலைகளின் தள்ளாட்டத்தைத் தன் ஆய்வேட்டில் கணிதமாக்கியிருந்தார். மகரந்தத் துகள் தண்ணீரில் தள்ளாடுவது பற்றி ஐன்ஸ்டைன் எழுதியது 1905இல். ஐந்து ஆண்டு பிந்தி!

ஆக, இந்தப் படிப்பில் நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், கணினி நிரல் எழுதுதல் எல்லாம் வரும். ஜப்பான்காரர் கியோசி இடோ 1940களில் உருவாக்கிய ஒரு புதுவகை நுண்கணிதம் வரும். கஷ்டம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

என் கதையையே சொல்கிறேன். எம்.எஸ்சி.க்கு வெளிமாநிலம் போனேன். கூடப் படித்தவர்கள் பெருநகரப் பள்ளிகளில் படித்தவர்கள். நான் பிளஸ் டூ வரை தமிழ் வழி. முதல் மாதம் பேராசிரியர் போர்டில் எழுதுவது புரியும், வாயால் பேசுவது புரியாது. முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. விடைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்விட்டேன். ஊருக்கு டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லை. கல்வி உதவித்தொகை இன்னும் வந்து சேரவில்லை. அரசாங்கம் தாமதமாகப் பணம் போட்டது என்னைப் படிக்க வைத்துவிட்டது என்று இப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு அது வேடிக்கையாக இல்லை. விடுதியில் மராட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார், நம்மவர். ராத்திரி பத்து மணிக்கு மேல் தினம் இரண்டு மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "இவங்க மூளை நம்மளவிடப் பெருசில்ல. இவங்களுக்கு இது ரெண்டாவது தடவை, நமக்கு முதல் தடவை, அவ்வளவுதான்" என்று அவர் இந்தியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கோச்சிங் கிளாஸில் ஒருதடவை பார்த்துவிட்டு வந்தவனுடைய வேகத்தைத் தகுதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது தோழர்கள் பக்கம் திரும்புகிறேன். உங்களில் சிலர் மனசில் ஒரு கேள்வி ஓடும். "இதெல்லாம் முதலாளிகளோட சூதாட்டக் கணக்கு. நம்ம பசங்க இதை ஏன் படிக்கணும்?" நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இந்தக் கணிதம் கைகழுவிய பாத்திரம் இல்லை. 1997இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். பிளாக் 1995லேயே இறந்துவிட்டார். அந்த இருவரும் பங்காளிகளாக இருந்த லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மெண்ட் என்ற நிதியம் அடுத்த ஆண்டே, 1998இல், குப்புற விழுந்தது. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து ஏறக்குறைய 360 கோடி டாலர் போட்டுத் தூக்க வேண்டியிருந்தது. அப்புறம் 2008. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை மூட்டை கட்டி விற்றார்கள். ஒரு வீட்டுக்காரர் கட்டாமல் போவதற்கும் இன்னொருவர் கட்டாமல் போவதற்கும் பெரிய தொடர்பில்லை என்கிற மாதிரி மாதிரிகளைப் போட்டு, மூட்டை பத்திரமானது என்று முத்திரை குத்தினார்கள். வீட்டு விலை எல்லா ஊரிலும் சேர்ந்து விழுந்தது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. அந்த அதிக வட்டிக் கடன்களை யார் தலையில் அதிகமாகக் கட்டியிருந்தார்கள் தெரியுமா? கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் தலையில்தான்.

இன்னும் பின்னால் போகலாம். 1896இல் ஃபிரடெரிக் ஹாஃப்மன் என்று ஒருவர், அமெரிக்காவின் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர், ஒரு பெரிய நூல் எழுதினார். அட்டவணை மேல் அட்டவணையாகப் போட்டு, கறுப்பின மக்கள் பிறவியிலேயே நலிந்தவர்கள், அவர்களைக் காப்பீடு செய்வது கட்டுப்படியாகாது என்று "நிறுவினார்". எண்கள் பெரும்பாலும் எங்கேயோ எடுக்கப்பட்ட உண்மையான எண்கள்தான். அந்த மக்கள் எந்தத் தெருவில், எந்தத் தண்ணீரைக் குடித்து, என்ன கூலியில் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் கணக்கில் இல்லை. அடுத்த ஆண்டே டபிள்யூ. இ. பி. டு பாய்ஸும், கணிதம் படித்தவரான கெல்லி மில்லரும் அந்த நூலை எண்ணுக்கு எண் எதிர்கொண்டார்கள். 1898இல் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பின மக்களே தங்களுக்கென ஒரு காப்பீட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ஹாஃப்மனுக்கு வெறும் கோபத்தால் பதில் சொல்லியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். அட்டவணையைப் படிக்கத் தெரிந்த ஆள் அவர்களிடம் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. ஆங்கிலேயக் கம்பெனிகள் இந்தியர்களின் உயிரைத் தரம் குறைந்த உயிர் என்று வைத்துக் கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870இல் வந்த பம்பாய் மியூச்சுவல்தான் சாதாரணக் கட்டணத்தில் இந்தியர்களைக் காப்பீடு செய்தது. அந்த அவமானம் நம் தேசியவாதிகளுக்குச் சுட்டது. சேரியில் இருந்தவனுடைய உயிருக்கு ஊருக்குள் என்ன விலை இருந்தது என்ற கேள்வி அவர்களுக்குச் சுடவில்லை.

அண்ணல் இதைப் பற்றி என்ன செய்தார் என்று பாருங்கள். சட்டம் படித்தவர், அரசியல் சட்டம் எழுதியவர் என்றே அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். அவர் முதலில் பணத்தைப் படித்தவர். கொலம்பியாவில் பொருளாதாரம். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வு. 1923இல் அது நூலாக வந்தது. மத்திய, மாகாண அரசுகளின் நிதி உறவு குறித்த நூல் 1925இல் வந்தது. அதே 1925 டிசம்பரில் ஹில்டன் யங் குழு முன்னால் போய் உட்கார்ந்து நாணயக் கொள்கை பற்றிச் சாட்சியம் சொன்னார். இதையெல்லாம்விட எனக்கு நெருக்கமான ஒரு சம்பவம் உண்டு. பரோடாவில் அவமானப்பட்டுப் பம்பாய் திரும்பிய பிறகு, 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் சேர்வதற்கு முன்னால், பிழைப்புக்காகப் பங்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றை ஆரம்பித்தார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். அதே ஆலோசனைதான். நேற்று வரை சரியாக இருந்த கணக்கு, சாதி தெரிந்ததும் தீட்டாகிவிட்டது!

ஆகவே தோழர்களே, இது எதிரியின் கணக்கு, தொட வேண்டாம் என்று நாமே ஒதுங்கினால், அவர்கள் ஒதுக்கி வைத்ததை நாமே முடித்துக்கொடுத்ததாகத்தான் ஆகும்.

சரி, வேலைக்கு வருவோம். பசங்க அதுக்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

முதலாவது, காப்பீட்டுக் கணிதர், ஆக்சுவரி என்பார்கள். 1944இல் சங்கமாகத் தொடங்கி, 2006இல் வந்த சட்டத்தின் கீழ் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனமாக ஆனதுதான் இதற்குத் தேர்வு நடத்துகிறது. நுழைவுத் தேர்வு உண்டு. அதன்பிறகு பத்துக்கும் மேற்பட்ட தாள்கள், ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். முழுதாக முடிக்கப் பலருக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் உண்டு. நம் வீட்டுக்கு அது கனமான கட்டணம். முதல் சில தாள்களைத் தேறியதுமே காப்பீட்டு நிறுவனங்களில் வேலைக்கு வாய்ப்பு உண்டு. இதில் ஒரு நல்ல விஷயம், எந்தக் கல்லூரி, எந்த ஆங்கிலம் என்று தாள் கேட்காது. விடையைத்தான் கேட்கும்.

இரண்டாவது, பொதுத்துறை. ரிசர்வ் வங்கியில் புள்ளியியல் துறைக்கென்றே தனியாக கிரேடு-பி அதிகாரிகளை எடுக்கிறார்கள். எல்.ஐ.சி. ஆக்சுவரி பிரிவுக்கு உதவி நிர்வாக அதிகாரிகளை எடுத்திருக்கிறது. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது. அதற்குப் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாக வேண்டும். இங்கெல்லாம் பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடும் பழங்குடிக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. இது யாரும் போட்ட பிச்சை இல்லை, தைரியமாகப் போய் உட்காருங்கள்.

மூன்றாவது, வங்கிகளிலும் மும்பை, பெங்களூரு, சென்னையில் இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகங்களிலும் இடர் அளவிடும் வேலை, மாதிரிகளைச் சரிபார்க்கும் வேலை. நான்காவது, கணினி வழி வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள். சம்பளம் மிக அதிகம். எடுப்பதும் மிகக் குறைவான பேரை, பெரும்பாலும் சில குறிப்பிட்ட கல்லூரிகளிலிருந்துதான். இந்த இரண்டிலும் இடஒதுக்கீடு கிடையாது. நேர்முகத்தில் "வீடு எங்க? அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்விகள் வரும். எதற்குக் கேட்கிறார்கள் என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அப்படியொரு தனியார் நிறுவனத்தில்தான் நான் முதலில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். சிறுகடன் கேட்பவருக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று மதிப்பெண் போடும் மாதிரியை உருவாக்கும் வேலை. சாதி என்று எந்தப் பத்தியும் அதில் கிடையாது. சட்டப்படி சுத்தமான மாதிரி. ஆனால் முகவரி இருந்தது. சில பகுதிகள் என்றால் மதிப்பெண் தானாகக் குறையும். ஒருநாள் சோதனைக்காக எங்கள் தெரு முகவரியைப் போட்டு, எங்கம்மாவின் வயதையும் தொழிலையும் போட்டுப் பார்த்தேன். மறுத்துவிட்டது. நான் எழுதிய நிரல், எங்கம்மாவுக்குக் கடன் இல்லை என்றது. கடன் இல்லையென்றால் அம்மா எங்கே போகும்? தண்டல்காரரிடம்தான்.

நாலு நாள் யாரிடமும் பேசவில்லை. பயம். வாயைத் திறந்தால் நான் யாரென்று தெரிந்துவிடும் என்ற பயம். அந்த நாலு நாளை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் நாள் கூட்டத்தில் கேட்டேன். மேலாளர் கோபப்படவில்லை. "நாம எதுவும் சொல்லல சார், டேட்டா சொல்லுது" என்றார். அப்போது நான் சாதியைப் பற்றிப் பேசவில்லை, கணிதத்தைப் பேசினேன். இந்தத் தரவில் இருப்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே கடன் கொடுக்கப்பட்டவர்கள். இந்தப் பகுதிகளில் நாம் கடன் கொடுத்ததே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். கொடுக்காத கடனை ஒருவர் எப்படித் திருப்பிக் கட்டிக் காட்டுவார்? இது தரவின் முடிவில்லை, தரவின் ஓட்டை. இதற்குப் புள்ளியியலில் பெயரே உண்டு, தெரிவுச் சாய்வு.

முகவரியை எடுத்தார்களா என்றால், இல்லை. அதன் எடையைக் கொஞ்சம் குறைத்தார்கள். அறிக்கையில் என் ஆட்சேபணையை ஒரு பத்தியாகச் சேர்த்தார்கள். அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வேறு வேலை தேடிக்கொண்டு வந்துவிட்டேன். இதை வெற்றிக் கதையாகச் சொல்ல வரவில்லை. அந்த அறையில் பதினோரு பேர் இருந்தோம். அந்தத் தெருவை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். இரண்டு பேர் இருந்திருந்தால்? நாலு பேர் இருந்திருந்தால்? நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன் என்று மட்டும் தெரியும்.

இயக்கத் தோழர்களுக்கு இன்னொன்று. பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979இல் வந்தது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, பொதுச் செலவையே நம் கணக்கில் எழுதியது எவ்வளவு என்று பட்ஜெட் புத்தகத்தை எடுத்து வரிக்கு வரி பார்க்க நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கோஷம் போட ஆயிரம் பேர் வருகிறோம். புத்தகத்தைப் பிரிக்க நாலு பேரைத் தேடுகிறோம். கணக்குப் படித்த பிள்ளைகளுக்கு இங்கே சம்பளமில்லாத வேலை நிறையக் கிடக்கிறது.

முடிக்கும் முன்னால் தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோவிச்சுக்காதீங்க. விடுதியில் சில பேர் போனில் ஆப்ஷன் வாங்கி விற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உதவித்தொகை வந்த வாரத்திலேயே! பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் இந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு நட்டம். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் பணம் எங்கே போனது? அதையும் அதே ஆய்வு சொல்கிறது. 2023-24இல் மட்டும், செலவுகளைக் கழிக்கும் முன், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 33,000 கோடி, அயல்நாட்டு முதலீட்டாளர்களுக்கு ஏறக்குறைய 28,000 கோடி லாபம். அதில் பெரும்பகுதி கணினி நிரல் வழியே வந்தது. அதாவது எதிரே உட்கார்ந்திருப்பது, நான் இவ்வளவு நேரம் சொன்னேனே, அந்தக் கணிதத்தைக் கரைத்துக் குடித்த ஆட்கள். நீங்கள் யூடியூப் பார்த்துவிட்டு உட்காருகிறீர்கள். அம்மா தண்டல்காரரிடம் கட்டிய வட்டியாவது அரிசியாகி இட்லியாகித் திரும்பி வந்தது. இது வராது. கணக்கைப் படியுங்கள், ஆட்டத்துக்குப் போகாதீர்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். பிளஸ் டூவில் கணிதத்தை விடாதீர்கள். கல்லூரியில் கணிதமோ புள்ளியியலோ எடுங்கள், பி.காம். எடுத்தவர்களும் தனியாகப் படித்து இந்தப் பக்கம் வரலாம். நிகழ்தகவை மனப்பாடம் செய்யாமல் படியுங்கள். ஏதாவது ஒரு கணினி மொழி, பைத்தான் போதும். முதுகலைக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வையும் ஐ.ஐ.டி.க்களின் ஜாம் தேர்வையும் எழுதுங்கள். வெளிநாடு போக நினைப்பவர்களுக்குச் சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுப் படிப்பு உதவித்தொகை இருக்கிறது. விண்ணப்பம் எழுத நான் உட்கார்ந்து உதவுகிறேன். ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகாமல் என்னிடம் வாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கும் வேலை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் முதல் வகுப்பு. புத்தகம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா. வீட்டில் தண்டல் அட்டையோ, குழுக்கடன் பாஸ்புக்கோ, நகை அடகு ரசீதோ இருந்தால் எடுத்து வாருங்கள். யார் வீட்டு அட்டை என்று யாரும் கேட்க மாட்டோம். போர்டில் போட்டு, உண்மையான வட்டி எவ்வளவு என்று சேர்ந்து கண்டுபிடிப்போம். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டு அந்த எண்ணை அம்மாவிடம் சொல்லுங்கள்.